டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? தியத்தலாவையிலிருந்து ஒரு பார்வை

பண்டாரவளையிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது தியத்தலாவை. 1900-ஆம் ஆண்டில் போவர் யுத்தக் கைதிகளை ஆங்கிலேயர் கொண்டுவந்து அடைத்துவைத்த ஊர் அது. இன்றும் படைமுகாம்களின் ஊர். அங்குள்ள நரியாகந்தையில், ஆங்கிலத்தில் ஃபொக்ஸ் ஹில் என வழங்கும் குன்றின் பக்கத்தில், இராணுவக் கல்விக்கழகம் பல்லாண்டுகளாக நடத்திவந்த சுப்பர்குரோஸ் பந்தயத்தை அறியாத இளைஞர் ஊவாவில் அரிது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி அது நடைபெறும். தோட்டங்களிலிருந்து இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக வந்து மேட்டில் நின்று பார்ப்பார்கள்.

மோட்டார் சைக்கிள்களைப் பொறுத்தவரை இவ்விளைஞர்களிடையே ஓயாத வாதம் ஒன்றுண்டு: மோட்டோகுரோஸ் பந்தயத்துக்கு டூ ஸ்ட்ரோக் எஞ்சின் சிறந்ததா, ஃபோர் ஸ்ட்ரோக் சிறந்ததா? உலகெங்கும் கால் நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெறும் வாதம்தான் இது. ஆயினும் ஊவாவின் மேட்டில் நின்று கேட்கும்போது அதற்கு வேறொரு பொருள் வந்துவிடுகிறது. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

முதலில் விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் ஒருமுறை சுழலும்போதே எரிபொருள் ஒருமுறை வெடித்து விசை தருகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருமுறை சுழன்றால்தான் ஒரு வெடிப்பு. எனவே ஒரே கொள்ளளவில் டூ ஸ்ட்ரோக்கே வலியது. வால்வு, கேம் ஷாஃப்ட், டைமிங் செயின் எதுவும் அதற்கு இல்லை, எடையும் குறைவு. இந்த வேறுபாட்டை ஈடுசெய்யவே பந்தய விதிகளில் 125 சீசீ டூ ஸ்ட்ரோக்குடன் 250 சீசீ ஃபோர் ஸ்ட்ரோக்கும், 250 சீசீ டூ ஸ்ட்ரோக்குடன் 450 சீசீ ஃபோர் ஸ்ட்ரோக்கும் ஓட அனுமதிக்கப்பட்டன. 1997-இல் லாஸ் வேகாஸ் நகரில் டக் ஹென்றி யமஹாவின் புதிய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் வென்றார். அடுத்த ஆண்டு அதன் விற்பனை வடிவம் சந்தைக்கு வந்தது. பத்தாண்டுகளில் களம் முழுவதும் மாறிற்று. ஹொண்டா 2007-ஆம் ஆண்டு மாதிரியோடு தன் டூ ஸ்ட்ரோக் மோட்டோகுரோஸ் வண்டிகளை நிறுத்திக்கொண்டது. யமஹாவும் கேடிஎம்மும் அந்த மரபைக் கைவிடவில்லை.

இப்படி வந்த மாற்றத்தை, ஃபோர் ஸ்ட்ரோக் இயல்பாகவே உயர்ந்தது என்பதற்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். அவர்களுக்கு ஒரே ஒரு பெயரை நினைவூட்டுவேன்: ரிக்கி கார்மைக்கேல். 2002-இல் அமெரிக்கத் தேசிய மோட்டோகுரோஸ் தொடரின் 24 ஓட்டங்களிலும் அவர் வென்றார். வண்டி, ஹொண்டாவின் 250 சீசீ டூ ஸ்ட்ரோக். 2004-இல் மீண்டும் 24 ஓட்டங்களிலும் வென்றார். இம்முறை ஹொண்டாவின் 450 சீசீ ஃபோர் ஸ்ட்ரோக். எஞ்சின் மாறியது, வென்றவர் மாறவில்லை. கொள்ளளவில் ஏறக்குறைய இருமடங்குச் சலுகையை விதியே வழங்கியிருக்கும்போது, எந்த எஞ்சின் சிறந்தது என்ற கேள்விக்குப் பந்தயத் திடல் நேர்மையான விடை தரவும் இயலாது.

அனுசரணை பெற்ற வீரர்களின் சாட்சியமும் இதில் பெரிதாக உதவாது. பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் விளையாட்டுச் செய்திகளோடு அனுசரணையாளரின் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டு வரும் என்பதைக் கண்டவன் நான். வண்டி, உதிரிப்பாகம், எண்ணெய், டயர், பயணச் செலவு அனைத்தும் ஒரு நிறுவனத்திடமிருந்து வரும்போது, அந்நிறுவனம் விற்காத எஞ்சினை எந்த வீரர் புகழ்வார்? இதில் அவர்மீது குற்றமில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாகாது என்பது நம் மரபும்கூட. ஆனால் அதைக் கேட்டு முடிவெடுக்கும் தோட்டத்து இளைஞனுக்குப் பின்னால் எந்த நிறுவனமும் இல்லை.

அவனுடைய கணக்கைப் பார்ப்போம். புதிய 450 சீசீ பந்தய வண்டியொன்றின் விலை அமெரிக்காவில் ஏறத்தாழ 10,000 டொலர். டொலருக்கு 300 ரூபாய் என வைத்தால், வரியும் கப்பல் கூலியும் சேராமலே 30 இலட்சம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் மாதம் 25 நாள் வேலை கிடைத்து, ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தாலும் ஏழாண்டுகளுக்கு மேல் ஆகும். புதிய 125 சீசீ டூ ஸ்ட்ரோக்கும் அவனுக்கு எட்டாதுதான். அதற்கும் அதே கணக்கில் ஐந்தாண்டுச் சம்பளம் வேண்டும். எனினும் வித்தியாசம் வாங்கிய பிறகுதான் தெரியும். பழைய டூ ஸ்ட்ரோக் ஒன்றை மூவர் சேர்ந்து வாங்கினால், பிஸ்டனையும் ரிங்குகளையும் ஊர்க் கராஜிலேயே ஒரு மாலைப்பொழுதில் மாற்றிவிடலாம். உச்ச வேகத்தில் சுழலும் பந்தய ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒரு வால்வு உடைந்து விழுந்தால் பிஸ்டன், சிலிண்டர், ஹெட் மூன்றையும் சேர்த்தே கொண்டுபோகும். அந்தச் செலவைத் தாங்குவது அனுசரணையாளரால் மட்டுமே முடியும்.

மலைநாட்டுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. தியத்தலாவை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல் இருக்கிறது. அங்கு காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரிசெய்த கார்புரேட்டர் இங்கே வந்ததும் பெற்றோலை அளவுக்கு மீறிக் குடிக்கும்; புகை கக்கும்; பிளக் கரிபிடிக்கும். மெயின் ஜெட்டைச் சிறியதாக மாற்றி, சத்தத்தைக் கேட்டே சரிபார்க்கும் கைப்பழக்கம் பண்டாரவளைப் பக்கத்துக் கராஜ்களில் உண்டு. முச்சக்கரவண்டி பழுதுபார்த்தே அதைக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். எரிபொருளை மின்னணு முறையில் பீச்சும் இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் இதைத் தாமே கவனித்துக்கொள்ளும் என்பது உண்மை. அதோடு அந்தக் கைப்பழக்கத்துக்கு வேலையில்லாமல் போகிறது என்பதும் உண்மை.

சுற்றாடலைப் பற்றிப் பேசாமல் டூ ஸ்ட்ரோக்குக்காக வாதாடுவது நியாயமாகாது. எரியாத பெற்றோலும் எண்ணெயும் புகையாக வெளியேறுவது அவ்வகை எஞ்சினின் பிறவிக் குறை. 2008 முதல் டூ ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டிகளின் இறக்குமதியை இலங்கை தடைசெய்தது சரியான முடிவே. இலட்சக்கணக்கான வண்டிகள் நாள் முழுவதும் வீதியில் ஓடுவது ஒன்று. சில பத்து வண்டிகள் ஆண்டில் சில நாட்கள் திடலில் ஓடுவது வேறொன்று. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது பொருந்தாது.

இந்தியாவின் நிலை வேறு. ஓசூரில் வண்டி தயாரிக்கும் டிவிஎஸ் நிறுவனம் 1982 முதல் தனக்கென்று பந்தய அணி வைத்திருக்கிறது. திறமை காட்டும் இளைஞனுக்குத் தொழிற்சாலையின் வாயிலில் ஓர் இடம் கிடைக்கக்கூடும். இலங்கையில் இருப்பவர்கள் பெரும்பாலும் இறக்குமதியாளர்களே. 2020-இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது அந்த வழியும் ஆண்டுக்கணக்கில் அடைபட்டது. இவ்வாறான நாட்டில் நிறுவன வீரர்களையும் முப்படை அணிகளையும் எதிர்த்துத் தனியொருவன் களமிறங்க வேண்டுமானால், மலிவாகப் பராமரிக்கக்கூடிய வண்டிக்குத் தனிப் பிரிவு இருந்தாக வேண்டும்.

அனுசரணைப் பணம் எங்கே போகவேண்டும் என்ற கேள்விக்கு மிகக் கொடிய விடையையும் தியத்தலாவை தந்திருக்கிறது. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் 2024 ஏப்ரல் 21 அன்று நடந்த பந்தயத்தில், கார் ஒன்று தடம் விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் எழுவர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. நால்வர் போட்டி உதவியாளர்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அன்று மோதியது கார். மோட்டார் சைக்கிள் அல்ல. ஆனால் பார்வையாளர் நிற்கும் மண்மேடு இரண்டுக்கும் ஒன்றே. வீரரின் சட்டையில் நிறுவனச் சின்னங்கள் இடமில்லாமல் நெருங்கி நிற்கும் ஒரு விளையாட்டில், பார்வையாளருக்கும் தடத்துக்கும் இடையே வலுவான தடுப்பு இல்லாமற்போவதை எப்படி ஏற்பது?

என் கருத்து இதுதான். முதலாவதாக, 125 சீசீ டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு மட்டுமான இளையோர் பிரிவொன்று நம் பந்தயங்களில் பெயரளவில் அன்றி நிலையாக இருக்கவேண்டும். ஐரோப்பிய சம்பியன்ஷிப்பே தன் 125 பிரிவை அவ்வாறு பேணி, அதிலிருந்து நாளைய வீரர்களை எடுத்துவந்திருக்கிறது. இரண்டாவதாக, அனுசரணை தரும் நிறுவனம் ஒவ்வொன்றும் ஒரு பங்கைத் தடுப்புகளுக்கும் திடலில் நிற்கும் மருத்துவ வண்டிக்கும் கட்டாயமாகத் தரவேண்டும். மூன்றாவதாக, தோட்டப்புறத்து இளைஞரில் ஆண்டுக்கு இருவர் மூவருக்கேனும் வண்டியும் பயிற்சியும் தர ஒரு நிறுவனமாவது முன்வரவேண்டும்.

எந்த எஞ்சின் சிறந்தது என்று நண்பர்கள் தொடர்ந்து வாதாடட்டும். அதிலும் ஒரு சுகம் இருக்கிறது. மேட்டில் நிற்பவன் ஒருநாள் திடலில் இறங்கவும், இறங்காதவன் பத்திரமாக வீடு திரும்பவும் வழிசெய்த பிறகு அந்த வாதத்துக்கு நானும் வருகிறேன்.