புது வர்ணம் ஏன் உரிகிறது?

மகளின் திருமணம் நெருங்கிவிட்டதென்று அவசர அவசரமாக வீட்டுக்கு வர்ணம் பூசினோம். மாப்பிள்ளை வீட்டார் விருந்துண்டு சென்ற மறு மாதமே, கூடத்துச் சுவர் பாம்பு சட்டையுரிப்பதுபோல் உரியலாயிற்று. வர்ணத்தையும் பூசியவரையும் வாய் நிறையக் குறை கூறினோம். உண்மையில் குற்றம் எங்களுடையதே.

உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். அதன் முதுகில் வெண்ணிற மாவு படிந்திருந்தால், பழைய சுண்ணாம்பின் மேலேயே வர்ணம் பூசப்பட்டிருக்கிறது என்று பொருள். சுண்ணாம்பு நாளடைவில் பொடிந்து சுவரைவிட்டுப் பிரியும். எமல்ஷன் வர்ணமோ உலர்ந்ததும் மெல்லிய தோலாக இறுகும். அத்தோல் பற்றியிருப்பது சுவரையன்று, அந்தப் பொடியை! பொடி கழன்றால் தோலும் கழல்கிறது. ஆகவே பூசுமுன் உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். மாவு ஒட்டினால், முழுவதையும் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, தூசி துடைத்து, பிரைமர் பூசிய பின்னரே வர்ணம். இந்தக் கூலியை மிச்சம் பிடிக்க எண்ணித்தான் நாங்கள் இரண்டாம் முறையும் செலவழித்தோம்.

குளியலறையை ஒட்டிய சுவர் கொப்புளித்தால் அது வேறு நோய். உள்ளிருக்கும் ஈரம் வர்ணத்தை வெளியே தள்ளுகிறது. கசியும் குழாயைச் சீராக்காமல் எத்தனை முறை பூசினும் வீணே. ஐயமிருப்பின், பிளாஸ்டிக் தாளொன்றைச் சுவரில் நாற்புறமும் ஒட்டி 24 மணி நேரம் விட்டுவையுங்கள். உட்புறம் நீர் முத்துக் கோத்திருந்தால் சுவர் காயவில்லை. புதிய சிமெண்டுப் பூச்சையும் 1 மாதமேனும் காயவிட வேண்டும். மழைக்காலமாயின் இன்னும் கூடுதலாக.

திருமணத் தேதி காத்திருக்காதே என்பீர்கள். அப்படியாயின் ஈரச் சுவருக்கு மட்டும் இப்போதைக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். அது ஈரத்தை வெளியே விடும். சுவர் காய்ந்தபின் சுரண்டிவிட்டு வர்ணம் பூசிக்கொள்ளலாம்.