சைக்கிள் பாதை: வரைபடத்தில் காலனி எங்கே?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தை ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுத்தாலும், பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுத்தாலும் குற்றம் என்கிறது மூன்றாம் பிரிவு. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மனிதன் சைக்கிளில் உட்கார்ந்து போவதற்குக் குற்றவியல் சட்டத்தின் பாதுகாப்பு தேவைப்படுகிற நாட்டில்தான் சைக்கிள் பாதை பற்றிப் பேசப்போகிறோம். எனவே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட்டும் கூலிங் கிளாசும் மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் போகிறவர்களின் விஷயம் இது என்று ஒதுங்கிவிட வேண்டாம்.

பல ஊர்களை இணைத்து, பள்ளிக்கும் சந்தைக்கும் பேருந்து நிலையத்துக்கும் போகிற ஒரு சைக்கிள் பாதையை நாம் ஆதரிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆதரிப்பது மட்டுமல்ல, அதைக் கேட்கிற இயக்கத்தை நாமே முன்நின்று கட்ட வேண்டும்.

மாணவத் தோழர்கள் சிலர் உடனே மறுக்கிறார்கள். சைக்கிள் வறுமையின் சின்னம், நாம் கேட்க வேண்டியது பேருந்து, பைக், கார் என்கிறார்கள். பேருந்தைக் கேட்க வேண்டும் என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பேருந்து ஊருக்குள் நின்று திரும்பிவிடுகிற இடங்களில் காலனிக்கும் நிறுத்தத்துக்கும் நடுவில் கிடக்கிற இரண்டு கிலோமீட்டருக்கு யார் பொறுப்பு? காலை எட்டு மணிக்குச் சாலையில் நின்று பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள், செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், மில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், பின்னால் புல்லுக்கட்டு வைத்த பெரியவர். சைக்கிளில் போகிறவர்கள் இவர்கள்தான். சின்னம் பற்றிய விவாதத்தை இவர்களிடம் கேட்டுவிட்டு நடத்துவோம்.

அரசே சைக்கிளைக் கொடுத்தது. 2001-02இல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்றுதான் விலையில்லா மிதிவண்டித் திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே எல்லா மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. சைக்கிளைக் கொடுத்த அரசு, அது எந்தச் சாலையில் ஓடும் என்று யோசிக்கவில்லை. நான்குவழிச் சாலை பள்ளியை அந்தப் பக்கமும் காலனியை இந்தப் பக்கமும் பிரித்துவிட்டது. நடுத்தடுப்பில் திறப்பு ஒரு கிலோமீட்டர் தாண்டித்தான். பதினாறு வயதுப் பெண் என்ன செய்வாள்? எதிர்த்திசையில் ஓரமாக ஓட்டுவாள், லாரி வருகிற திசையில். அடிபட்டால் ‘விதிமீறல்’ என்று எழுதிக்கொள்வார்கள்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்ததை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கேலி பேசியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், பெண்கள் ஓட்டிக்கொண்டே போனார்கள். அது எப்படிப் பரவியது என்பதுதான் நமக்குப் பாடம். மேலிருந்து உத்தரவு மட்டும் வந்திருந்தால் ஒரு விழாவோடு முடிந்திருக்கும். ஊர் ஊராக அறிவொளித் தொண்டர்கள் இருந்தார்கள், கற்றுக்கொண்ட பெண் அடுத்தவளுக்குக் கற்றுக்கொடுத்தாள்.

சாலை உரிமைக்கு நம் முன்னோர் கொடுத்த விலையும் நினைவிருக்கட்டும். 1893இல் அய்யன்காளி வில்லுவண்டியில் ஏறித் திருவிதாங்கூரின் பொதுச்சாலையில் போனார். 1924இல் வைக்கத்தில் போராட்டம் தொடங்கியது கோயில் நுழைவுக்காக அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக.

சரி, ஆதரவை எப்படித் திரட்டுவது? முதலில், கூட்டம் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். மந்தையிலோ கோயில் திண்ணையிலோ காலை பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டுவிட்டு ‘மக்கள் கருத்துக் கேட்டாயிற்று’ என்பார்கள். அந்த நேரத்தில் நம் ஆட்கள் வேலையில் இருப்பார்கள். மாலை ஏழு மணிக்குக் காலனியில் முதல் கூட்டம் நடக்கட்டும். பெண்களைப் பேசவிடுங்கள். நாங்கள் போய்ப் பேசிய இடங்களிலெல்லாம் ஆண்கள் பாதையின் அகலத்தைப் பற்றிப் பேசினார்கள். பெண்கள் விளக்கைப் பற்றியும், கருவேலம் புதரைப் பற்றியும், டாஸ்மாக் இருக்கும் திருப்பத்தைப் பற்றியும் பேசினார்கள். திட்ட வரைபடத்தில் இந்த மூன்றுமே இருக்காது. பிறகு எல்லோரும் சேர்ந்து அந்த வழியை நடந்தே பாருங்கள், கையில் நோட்டோடு. தண்ணீர் எங்கே தேங்குகிறது, நாய் எங்கே துரத்துகிறது, எந்த வீட்டு முன்னால் பையன்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை மட்டும் தடித்த எழுத்தில்.

ஊர்ப் பக்கம் எல்லோரும் எதிரிகள் என்று முடிவுகட்டிவிட்டுத் தொடங்க வேண்டாம். அங்கேயும் கூலிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளும் அதே நான்குவழிச் சாலையைத்தான் கடக்கிறார்கள். தலைமை ஆசிரியர், மகளிர் சுயஉதவிக் குழு, பால்காரர், சைக்கிள் கடைக்காரர் என்று ஒவ்வொருவராகப் போய்ப் பாருங்கள். பஞ்சர் ஒட்டுகிறவரைப் போல அந்த வட்டாரத்தின் சாலையை அறிந்தவர் பொதுப்பணித் துறையில்கூட இருக்க மாட்டார்.

ஒரு கட்டத்தில், பெரும்பாலும் நல்லவராகவே தெரிகிற ஓர் அதிகாரி, பிரச்சினை எதற்கு, பாதை ஊருக்குள் வர வேண்டாம், காலனிக்குத் தனியாகச் சுற்றுப்பாதை போட்டுத் தருகிறோம் என்பார். புதிய தார், புதிய பலகை, சீக்கிரமே வேலை முடியும். நம்மில் களைத்துப்போனவர்கள் ஒப்புக்கொண்டுவிடலாம் என்பார்கள். ஒப்புக்கொள்ளக் கூடாது. தனிச் சுடுகாட்டுப் பாதை, தனிக் குழாய், தனி டம்ளர் எல்லாம் இப்படித்தான் ‘பிரச்சினை எதற்கு’ என்று வந்தவை. உத்தபுரத்தில் 1989இல் எழுந்த சுவரின் ஒரு பகுதியை உடைக்க 2008 மே 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுவரைச் சுவரென்று எல்லோருக்கும் தெரிந்தும் அத்தனை ஆண்டுகள். சுற்றுப்பாதையை யாரும் சுவர் என்று சொல்லப்போவதில்லை, அதை உடைப்பது இன்னும் கடினம்.

இரண்டாவது ஆபத்து, வாய்க்கால் கரை. சைக்கிள் பாதைக்கு ‘காலியாக இருக்கும் நிலம்’ என்று முதலில் கண்ணில் படுவது கால்வாய்க் கரையும் ஏரிக் கரையும். அங்கே யார் குடியிருக்கிறார்கள்? பட்டா இல்லாத நம் மக்கள். சென்னையில் கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களின் கதை நமக்குத் தெரியும். ஆற்றைச் சுத்தம் செய்வதும் நல்ல காரியம்தான், பூங்காவும் நல்ல காரியம்தான். அந்த நல்ல காரியங்களுக்கு இடம் கொடுத்தவர்கள் இன்று நகரத்தின் ஓரத்தில் இருக்கிறார்கள். ஆகவே ஆதரவுக் கையெழுத்து வாங்கும் தாளிலேயே, ஒரு குடிசையும் அகற்றப்படாது என்ற நிபந்தனை இருக்க வேண்டும். வாய்மொழி உறுதி போதாது.

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தில் இதற்கு நெருக்கமான ஒன்று நடந்தது. ஆல்பினா என்ற கறுப்பின மக்களின் பகுதியை நெடுஞ்சாலை, விளையாட்டு அரங்கம், மருத்துவமனை விரிவாக்கம் என்று பல ஆண்டுகளாக இடித்தார்கள். பின்னர் வெள்ளையர்கள் குடியேறினார்கள், வாடகை ஏறியது. 2011இல் அங்குள்ள வடக்கு வில்லியம்ஸ் சாலையில் சைக்கிள் தடத்தை மேம்படுத்தத் திட்டம் வந்தபோது கறுப்பின மக்கள் கேட்டார்கள்: சாலையில் பாதுகாப்பு வேண்டும் என்று நாங்கள் கேட்டபோதெல்லாம் எங்கே போயிருந்தீர்கள்? அந்தக் கேள்வி சைக்கிளுக்கு எதிரானது அல்ல. பெரும்பாலும் வெள்ளையர்களைக் கொண்டிருந்த ஆலோசனைக் குழுவை நகர நிர்வாகம் விரிவாக்க வேண்டிவந்தது, கால அட்டவணையைத் தள்ளிப்போட்டது, இனவாதத்தைப் பற்றியே வெளிப்படையாகப் பேச வேண்டிவந்தது. மாற்றப்பட்ட வடிவத்தில் தடம் 2014இல் வந்தது. போன வீடுகள் திரும்பவில்லை. நாம் கவனிக்க வேண்டியது இரண்டையும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. ஊரைச் சுற்றிப் போகிற பாதைக்கு அந்த நிதியில் கணக்கெழுதினால் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். காலனியைத் தொடாத தாருக்கு நம் பங்கு செலவாகக் கூடாது.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரே நாளில், பாதை போகிற எல்லா ஊராட்சிகளிலும், ஒரே வாசகத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். வாசகத்தில் நான்கு விஷயங்கள் போதும்: பாதை காலனியிலிருந்து தொடங்கும், ஊரின் பொதுத்தெரு வழியாகவே போகும், விளக்கு இருக்கும், யாரும் வெளியேற்றப்பட மாட்டார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத் தாளில் போடாதீர்கள். நகலைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த கிராம சபைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று இன்றே எண்ணிப் பார்த்துவிட்டு, காலனியில் முதல் கூட்டத்துக்கு நாள் குறியுங்கள்.