ஸ்கேன் சரியாக இருக்கிறது, ஆனாலும் மூச்சு வாங்குகிறது

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர் "மூச்சு வாங்குது" என்றால் வீட்டில் நாம் சொல்வது ஒன்றுதான்: "கீமோ போட்ட அசதி, சரியாயிடும்." எங்கள் உறவில் ஒருவரை மருத்துவமனையிலேயே "பயத்தில் வருவது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. காரணம் தெரியும்வரை அதற்கு அசதி, பயம் என்று பெயர் வைத்து மூடக்கூடாது.

புற்றுநோயாளிகளுக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைப்பது அபூர்வமல்ல. மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும், சிகிச்சையும் உண்டு. நான் சொல்ல வந்தது அதைவிட அரிதானது. இரைப்பைப் புற்றுநோயில்தான் அதிகம் பார்த்திருக்கிறார்கள். புற்றுச் செல்கள் ரத்தத்தோடு போய் நுரையீரலின் மிக நுண்ணிய தமனிகளில் தங்கிவிடும். அடைப்பதோடு நிற்காது. அங்கே ரத்தத்தை உறைய வைக்கும், குழாயின் உட்சுவரையும் தடிக்க வைக்கும். சொட்டுநீர்க் குழாயில் உப்புப் படிகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே குழாய் நன்றாக இருக்கும், உள்ளே வழி இருக்காது. அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளியே இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போகும்.

அந்தக் குழாய்களின் அடைப்பு ஸ்கேனில் நேராகத் தெரியாத அளவு சிறியது. "ரத்தக்கட்டி இல்லை" என்று ரிப்போர்ட் வரும், நாமும் நிம்மதியாவோம். ஆக்சிஜன் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். 1990-ல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், புற்றுநோய் இருந்த 630 பேரின் பிரேதப் பரிசோதனைகளில் 21 பேருக்கு இது இருந்தது. உயிரோடு இருக்கும்போது கண்டுபிடிப்பது இன்றும் குறைவுதான்.

அதனால்தான் "எக்கோ எடுக்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள் என்கிறேன். வலப்பக்க அழுத்தத்தை அது காட்டிக்கொடுக்கும். சந்தேகம் வலுத்தால், மெல்லிய குழாயை நுரையீரல் தமனிவரை செலுத்தி, ரத்தம் எடுத்து, புற்றுச் செல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூலப் புற்றுக்கான கீமோவைச் சீக்கிரம் தொடங்குவதுதான் முக்கியம். ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் இமாட்டினிப் மாத்திரையும் கொடுத்துச் சிலர் தேறியதாக ஜப்பான் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லோரையும் காப்பாற்றும் என்று சொல்லமாட்டேன். சில நாட்களிலேயே முற்றிவிடக்கூடியது இது.

"டாக்டருக்கே பாடம் நடத்துவதா சார்?" என்பீர்கள். பாடம் வேண்டாம், கேள்வி கேட்கலாமே! வகுப்பில் கேள்வி கேட்டதற்காக உங்களில் யாரையாவது நான் வாயை மூடச் சொன்னதுண்டா?

மூச்சு வாங்குவது என்றைக்கு ஆரம்பித்தது, உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிமீட்டர் எண் என்ன, நாலடி நடந்தபின் என்ன என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டு போங்கள். எண் இறங்கினால் அன்றைக்கே போங்கள். அடுத்த கீமோ தேதிவரை காத்திருக்காதீர்கள்.