ஊர் அடங்கியது, சேரி குப்பை அள்ளியது

2020 மார்ச் 24. ராத்திரி எட்டு மணிக்குச் சொல்லி, பன்னெண்டு மணிக்கு நாட்டையே பூட்டினார்கள். பிரிட்டனில் வீட்டிலிருக்கச் சொன்ன தொழிலாளிக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை அரசு கொடுத்தது. இங்கே ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாய், கொஞ்சம் அரிசி. ஊரடங்கென்றால் ஊர் அடங்கலாம். சேரி எப்படி அடங்கும்? மாத்தூரில் எங்கம்மா விடியக்காலையிலேயே குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். ஒரே துணி மாஸ்க், தினம் துவைச்சுக் கட்டினாள்.

‘சமூக இடைவெளி’ என்று ஒலிபெருக்கி கத்தியது. அந்த வார்த்தை வேண்டாம், உடல் இடைவெளி என்போம் என உலக சுகாதார நிறுவனம் அந்த மார்ச்சிலேயே மாற்றிக்கொண்டது. எங்க தெருவுக்கு அது வந்து சேரலை. எப்படி வரும்? சமூக இடைவெளி இவர்களுக்குப் பழகின சரக்காச்சே!

தண்ணி கேட்ட அம்மாவுக்கு மாடியிலிருந்து பாட்டிலை வீசினான் ஒருத்தன். மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு நன்றியென்று தட்டைத் தட்டினவனும் அவன்தான், அதே மாடியில்.