இதுவும் சங்கத்து வேலைதான்



கருக்கலைப்புச் சட்டத்தைப் பற்றிச் சங்கப் பத்திரிகையில் எழுதுகிறோம் என்றதும் தலைவர்மார் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சம்பளம், கொழுந்து நிறை, லயன் கூரை, வீட்டுக்காணி, இவைதான் சங்கத்து விஷயம், மற்றது வீட்டுக்குள் பேச வேண்டியது என்பார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை.

இந்த ஹேவாஹெட்ட மலைகளில் கூடை சுமந்து கொழுந்தெடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்களும் அவர்களே. நோய்வாய்ப்பட்ட உடம்போடு மலையேறினால் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப் பேர். அப்படியிருக்க, அந்த உடம்பைப் பற்றிய சட்டம் மட்டும் எப்படிச் சங்கத்துக்கு வெளியே போகும்?

1940 ஜனவரி 10 அன்று இதே ஹேவாஹெட்டப் பகுதியில், முல்லோயாத் தோட்டத்தில், வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் உயிர் நீத்தார். சங்கம் என்பதே தொழிலாளிக்கு வேண்டாத வேலை என்று சொல்லப்பட்ட காலம் அது. எது நமக்கு வேண்டிய வேலை என்பதை நாமே தீர்மானிக்கப் பழகிய மண் இது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வெள்ளையர் ஆட்சியில் எழுதப்பட்டது. அதன் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக நல்லெண்ணத்துடன் செய்யப்படுவதைத் தவிர வேறு எந்தக் கருக்கலைப்பும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வயிற்றில் பிள்ளையின் அசைவு தெரிந்த பின் என்றால் ஏழு ஆண்டு வரை சிறை. கலைத்துவிட்டவருக்கு மட்டுமல்ல, தானே கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் அதே தண்டனைதான்.

ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது 1867இல். அதற்குப் பதினாறு வருடம் கழித்து வந்த சட்டம் இது. அன்று நம் பாட்டிமாருக்கு வாக்கும் கிடையாது, பேச வாயும் கிடையாது. யாரும் அவர்களைக் கேட்டு இதை எழுதவில்லை.

எழுதியவர்களே பிறகு மாற்றிக்கொண்டார்கள். பிரித்தானியா 1967இல் தன் சட்டத்தைத் திருத்தியது. இந்தியாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. நமது தண்டனைச் சட்டம் இந்தியத் தண்டனைச் சட்டத்தை மாதிரியாகக் கொண்டு எழுதப்பட்டது. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. இந்தியா 1971இல் தனிச் சட்டம் கொண்டுவந்து, பயிற்சி பெற்ற டாக்டர் மூலம், குறிப்பிட்ட காரணங்களுக்காகக் கருக்கலைப்புச் செய்துகொள்ள வழிவிட்டது. 2021இல் அதைத் திருத்தி, பாலியல் வல்லுறவுக்கு ஆளானவர்கள் போன்றோருக்கு 24 வாரம் வரை அனுமதித்தது.

சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போன அக்காவை நினைத்துப் பாருங்கள். அவள் அங்கே தேயிலை பறித்தாள். தங்கை இங்கே தேயிலை பறித்தாள். அக்காவின் பேத்திக்கு ஓர் அநியாயம் நடந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக் கதவு திறக்க வழி இருக்கிறது. தங்கையின் பேத்திக்கு இன்றும் 1883ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

நமது பாராளுமன்றம் இதைத் தொடாமலே இருக்கவில்லை. 1995இல் நீதியமைச்சர் ஜீ. எல். பீரிஸ் கொண்டுவந்த திருத்தத்தில், வல்லுறவாலோ முறைகெட்ட உறவாலோ உண்டான கரு, கடுமையான குறைபாடுள்ள சிசு ஆகிய சந்தர்ப்பங்களில் கருக்கலைப்பை அனுமதிக்கும் வாசகமும் இருந்தது. எதிர்ப்பு வந்ததும் அந்த வாசகம் மட்டும் விலக்கிக்கொள்ளப்பட்டது. மீதி நிறைவேறியது.

நிறைவேறிய அந்த மீதியைப் பாருங்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு உறவு வைத்தால், அவள் சம்மதித்தாலும் வல்லுறவு என்றது அந்தத் திருத்தம். தகப்பனோ கூடப்பிறந்தவனோ செய்தால் அதைத் தனிக் குற்றமாக்கியது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அந்தக் குற்றத்தால் பிள்ளையின் வயிற்றில் கரு தங்கினால் அவள் என்ன செய்வது? சட்டத்திடம் பதில் இல்லை. குற்றவாளியைத் தண்டிக்கிறோம் என்கிறது. அவன் விட்டுப்போனதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை சுமக்கட்டும் என்றும் சொல்கிறது. 2017இல் நீதியரசர் அலுவிஹாரே தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை அடுத்துச் சட்டத்தைத் தளர்த்த மறுபடி முயற்சி நடந்தது. மதத் தலைவர்களின் எதிர்ப்போடு அதுவும் நின்றுபோனது.

சட்டம் தடுப்பதால் கருக்கலைப்பு நின்றுவிட்டதா? சுகாதாரத் துறையில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படும் மதிப்பீடு, நாட்டில் நாளொன்றுக்கு 600க்கும் மேல் என்கிறது. பாதுகாப்பற்ற கருக்கலைப்பு இலங்கையில் தாய் மரணத்துக்கான முக்கிய காரணங்களில் ஒன்றாக இருந்துவருகிறது. சட்டத்தின் பாரம் எல்லோர் மேலும் சமமாக விழுவதுமில்லை. வசதியுள்ள பெண் நகரத்தில் பணம் கொடுத்து, தேர்ந்த டாக்டரிடம் காரியத்தை முடித்துக்கொண்டு வீடு திரும்புவாள். தோட்டத்துப் பெண் தோட்டை அடகு வைத்து, யாரோ சொன்ன இடத்துக்கு, யாருக்கும் சொல்லாமல் போவாள். திரும்பி வந்து காய்ச்சலோடு கொழுந்துக்கும் போவாள், பேர் போய்விடக் கூடாதே என்று. பொலிஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருப்பாள். அந்தத் தாமதம்தான் உயிரைக் குடிக்கிறது.

ஆகவே இதை ஒவ்வொரு லயத்திலும் சொல்லிவையுங்கள். கரு கலைந்த பின், எப்படிக் கலைந்திருந்தாலும், சிகிச்சை பெறுவது குற்றமல்ல. சிகிச்சை தருவதும் குற்றமல்ல. அதற்கென சுகாதார அமைச்சின் வழிகாட்டல்களே இருக்கின்றன. இரத்தம் நிற்காமல் போனால், காய்ச்சல் வந்தால், அடிவயிறு வலித்தால், துர்நாற்றத்தோடு நீர் போனால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள், பணம் வேண்டியதில்லை. என்ன நடந்தது, என்ன மருந்து எடுத்தது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சைக்கு அது தேவை. வல்லுறவு நடந்தாலோ, கருத்தடை தவறினாலோ, 72 மணித்தியாலத்துக்குள் போடும் அவசர மாத்திரை பாமசிகளில் கிடைக்கிறது. எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. வீட்டில் கொடுமை என்றால் 1938க்கும், பிள்ளைகளுக்கு என்றால் 1929க்கும் அழைக்கலாம்.

இதே பெண்ணின் கர்ப்பப்பை விஷயத்தில் தோட்டங்களில் இன்னொரு கதையும் நடந்திருக்கிறது. 1980களில் கருத்தடை ஆப்பரேஷன் செய்துகொள்பவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. நாட்டின் மற்ற இடங்களைவிடத் தோட்டப் பெண்களிடையே இந்த ஆப்பரேஷன் மிக அதிகம். விளக்கமும் உண்மையான சம்மதமும் இல்லாமல் தோட்டங்களில் இது நடந்ததைப் பற்றி மானிடவியலாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011இல் எழுதியிருக்கிறார். லூப், ஊசி, கையில் வைக்கும் குச்சி, மாத்திரை என்று வேறு வழிகள் எத்தனையோ இருக்க, நம் பெண்களுக்கு ஆப்பரேஷனே முதலில் காட்டப்பட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளை வேண்டாம் என்று அவள் சொன்னால் சட்டம் குறுக்கே நிற்கிறது. இன்னும் ஒரு பிள்ளை வேண்டும் என்று அவள் நினைத்தால் ஆப்பரேஷன் குறுக்கே வருகிறது. இரண்டு இடத்திலும் முடிவெடுப்பவர் வேறு யாரோ. எங்கள் வழக்கு இதுதான்: அவள் உடம்பைப் பற்றிய முடிவில் அவள் வார்த்தை முதலில் வர வேண்டும்.

கருவை அழிப்பது பாவம் என்று நம்புகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மாரியம்மன் கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் போகிறவர்கள்தான் நாங்களும். அந்த நம்பிக்கையை மதிக்கிறோம். சட்டம் மாறினால் அவர்களில் ஒருவரையும் யாரும் வற்புறுத்த முடியாது. சுமக்க விரும்புகிறவள் சுமப்பாள். வல்லுறவுக்கு ஆளான பிள்ளையைச் சுமக்கச் சொல்லி வற்புறுத்துவது இன்றைய சட்டம்தான்.

கலைக்கும் வழி லேசானால் கட்டுப்பாடு போய்விடும் என்பவர்களும் உண்டு. கரு வேண்டாத இடத்தில் தங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதற்கு மருந்து. குழந்தை பெற்றால் லீவும் சம்பளமும் நிச்சயம் என்ற நம்பிக்கையும் வேண்டும். 2018இல் பிரசவ நன்மைச் சட்டம் திருத்தப்பட்டு, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் லீவு என்றாகிவிட்டது. மூன்றாவது பிள்ளைக்குக் குறைவு என்று யாராவது சொன்னால் சங்கத்துக்கு வாருங்கள்.

எனவே நாங்கள் கேட்பவை:

ஒன்று: வல்லுறவு, முறைகெட்ட உறவு, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கர்ப்பம், பிழைக்க வழியில்லாத சிசு ஆகிய சந்தர்ப்பங்களிலாவது கருக்கலைப்பை அனுமதிக்கும்படி 303ஆம் பிரிவைத் திருத்த வேண்டும். பெண்ணைச் சிறைக்கு அனுப்பும் வாசகத்தை நீக்க வேண்டும். மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதில் தங்கள் நிலைப்பாட்டை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு: தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர்கள் தோட்டங்களுக்கு நியமிக்கப்பட வேண்டும். புருஷனையோ மகளையோ மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு எந்தப் பெண் தன் கஷ்டத்தைச் சொல்வாள்?

மூன்று: கருத்தடை முறைகள் எல்லாவற்றையும் தமிழில் விளக்காமல், படிவத்தை வாசித்துக் காட்டாமல், எந்த ஆப்பரேஷனுக்கும் கையெழுத்து வாங்கக் கூடாது.

நான்கு: கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர் வெட்டக் கூடாது. தோட்ட நிர்வாகங்களுடன் பேசும்போது சங்கம் இதையும் மேசையில் வைக்க வேண்டும்.

நான்காவது கோரிக்கைக்குப் பாராளுமன்றம் வேண்டியதில்லை, நாளைக்கே தொடங்கலாம். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் முதல் அரை மணித்தியாலத்தை மாதர் பிரிவுக்குக் கொடுங்கள். தலைவர்மார் வாசலில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். கூட்டத்தில் வரும் தீர்மானத்தைப் பெண்களே எழுதி, பெண்களே கையெழுத்திட்டு, சங்கக் காரியாலயத்துக்கு அனுப்பிவையுங்கள்.