மேசையைக் கலைக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கு,

வடிவமைப்புத் துறையின் ஸ்டுடியோவைப் புதுப்பிக்க இந்த ஆண்டு நிதி ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒழுகும் கூரையின் கீழ் பாடம் நடத்தி வந்த எங்களுக்கு இது பெரிய செய்தி. மனமார்ந்த நன்றி. ஆனால் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. துறைக் கூட்டத்தில் சொன்னோம், பதில் இல்லை. டெண்டர் நெருங்குவதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அந்த வரைபடத்தில் மாணவருக்கென்று தனி மேசை கிடையாது. இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் ஒரே மேசைகளை முறை வைத்துப் பயன்படுத்த வேண்டும். மாலையில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். இடம் மிச்சமாகும் என்ற கணக்கு புரிகிறது. விரிவுரை வகுப்புக்கு அது பொருந்தும். ஸ்டுடியோவில் அது படிப்பின் அடிமடியிலேயே கை வைப்பது.

சென்ற பருவத்தில் ஒரு மாணவி பள்ளிக்கூடம் ஒன்றின் படிக்கட்டை 1:50 அளவில் பால்சா மரத்தில் செய்துகொண்டிருந்தாள். ஃபெவிகால் இறுக ஓர் இரவு வேண்டும். ஒட்டியது மேசை நடுவில் காய்ந்துகொண்டிருந்தது. வேண்டாமென்று ஒதுக்கிய மூன்று மாதிரிகள் ஓரத்தில் கிடந்தன. காலையில் அந்தப் பக்கம் போன நான்காம் ஆண்டு மாணவன் ஒதுக்கியவற்றில் ஒன்றைக் கையில் எடுத்து, “இதில் பிள்ளைகள் உட்காரவும் இடம் இருக்கிறதே” என்றான். அவள் அதையே எடுத்து வளர்த்தாள். வேலைகளை மதிப்பிடும் ஜூரியில் அந்தப் படிக்கட்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். நான் அவளுக்கு நடத்திய எந்தப் பாடமும் இவ்வளவு தூரம் போனதில்லை. முதல் நாள் மாலையே மேசையைத் துடைத்து வைத்திருந்தால் அந்த மூன்றும் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும்.

தினமும் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் என்ன ஆகும் என்பதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். டவுன் பஸ்ஸில் நசுங்காத மாதிரியைத்தான் பிள்ளைகள் செய்வார்கள். கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பை தீர்மானித்துவிடும். கொஞ்ச நாளில் மாதிரி செய்வதையே விட்டுவிட்டு லேப்டாப் திரையோடு நின்றுவிடுவார்கள்.

மேசையின் அளவும் கவலை தருகிறது. வரைபடத்தில் இருப்பது 60 செ.மீ.க்கு 45 செ.மீ. ஏ1 தாள் ஒன்றே 84.1 செ.மீ. நீளம், 59.4 செ.மீ. அகலம். தாள், கட்டிங் மேட், லேப்டாப் மூன்றும் அருகருகே இருக்க 150-க்கு 75 செ.மீ. வேண்டும். நல்ல ஸ்டுடியோ கட்டியவர்கள் மாணவர் வேலை செய்யும் இடத்தை மனத்தில் வைத்தே கட்டினார்கள். ஹார்வர்டில் ஜான் ஆண்ட்ரூஸ் வடிவமைத்து 1972இல் திறக்கப்பட்ட கண்ட் ஹாலில், ஒரே கூரையின் கீழ் படிப்படியாக இறங்கும் ஐந்து தட்டுகளில் மாணவர் மேசைகள் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? அகமதாபாத்தில் பி.வி. தோஷி 1962இல் தொடங்கிய கட்டடக்கலைப் பள்ளி, இன்றைய செப்ட் பல்கலைக்கழகம், நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். வடக்கு வெளிச்சத்தை உள்ளே வாங்கும் சாய்வான திறப்புகள், ஒன்றுக்கொன்று திறந்திருக்கும் தளங்கள். அடுத்தவர் என்ன செய்கிறார் என்று நடக்கும்போதே கண்ணில் படும்.

நம் வரைபடமோ வடக்குச் சுவரின் ஜன்னல்களை அடைத்து அங்கே பெரிய திரையை மாட்டுகிறது. தயவுசெய்து அந்த ஜன்னல்களைத் தொடாதீர்கள். தமிழ்நாட்டில் மே முதல் ஜூலை வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருப்பதால், அவற்றுக்கு சன்ஷேடும் பக்கத் தடுப்பும் சேர்த்தால் போதும். திரைக்குப் பதிலாக மற்ற சுவர்கள் முழுக்க சாஃப்ட்போர்டு அடித்துக் கொடுங்கள். இப்போது ஜூரிக்குத் தாளை செலோடேப்பால் ஒட்டுகிறார்கள், பெயிண்ட் உரிகிறது, அபராதம் கட்டுகிறார்கள்.

மின்விசிறி சின்ன விஷயமாகத் தெரியலாம். மேசைக்கு நேர் மேலே சுழன்றால் டிரேசிங் தாள் பறக்கும், வெட்டி வைத்த துண்டுகள் சிதறும். அதனால் விசிறியை நிறுத்திவிட்டு, தாளில் வியர்வை சொட்டாமல் நெற்றியில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். நடைபாதைக்கு மேல் விசிறி, சுவரில் சாய்வு விசிறி என்று மாற்றினாலே தீரும்.

ஒன்று மட்டும் பாதுகாப்பு பற்றியது. அதில் விட்டுக்கொடுக்க முடியாது. வரைபடத்தில் லேசர் கட்டரை ஸ்டுடியோ நடுவிலேயே வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் வாங்கும் சன்போர்டு பி.வி.சி.யால் ஆனது. அதை லேசரில் வெட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். சன்போர்டை லேசரில் வைக்கவே கூடாது என்ற விதியும், கதவும் புகை வெளியேற்றும் குழாயும் உள்ள தனி அறையும் வேண்டும். ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்க அதன் பக்கத்திலேயே காற்றோட்டமான ஓர் இடம் போதும்.

இரண்டு ஆண்டு மாணவர்களுக்கும் தனித்தனி மேசை போட்டால் இடம் போதாது என்பார்கள். ஸ்டுடியோவை ஒட்டிய பழைய பொருள் அறையில் உடைந்த நாற்காலிகள்தான் இருக்கின்றன. அந்தச் சுவரை எடுக்க முடியுமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேளுங்கள்.

டெண்டரை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். அதற்குள் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அறையை அளந்து, ஒரு மூலையில் நான்கு மேசைகளை முழு அளவில் பிளைவுட்டில் செய்து போடுவார்கள். அதில் இரண்டு வாரம் வேலை செய்து பார்த்து, எது சரிப்படவில்லை என்று எழுதித் தருவோம். மர வேலைக்கு ஆகும் செலவைத் துறை ஏற்றுக்கொள்ளும். எங்களுக்கு வேண்டியது உங்கள் அனுமதிக் கையெழுத்து.

இப்படிக்கு,
வடிவமைப்புத் துறையின் ஸ்டுடியோ ஆசிரியர் ஒருவர்