திரையில் அசையும் தீபச்சுடர்

இப்பகுதிக்கு இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று, பிழைப்பின் நிமித்தம் சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் பொருந்துவதாக இருக்கிறது. எழுதியவர் ஓர் அன்னையார். அவருடைய மகனுக்கு வயது 13. கணிப்பொறியில் கட்டடம் கட்டும் விளையாட்டு ஒன்றில் அவன், திருநெல்வேலிப் பக்கத்தில் தன் பாட்டனார் வாழ்ந்த வீட்டைத் திண்ணை, முற்றம், தாழ்வாரம் உட்படக் கட்டியிருக்கிறானாம். உண்மையான வீடோ விற்கப்பட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன. பூஜை அறையில் வைக்க அவனுக்கு ஒரு குத்துவிளக்கு வேண்டும். அவ்விளையாட்டில் தீவட்டி உண்டு, குத்துவிளக்கு இல்லை. அவனே ஒன்றை வரைந்து சேர்த்ததில், விளக்கைச் சுற்றி வெள்ளைச் சதுரம் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது, சுடரும் அசையவில்லை. "இதற்கு வழி உண்டா? அன்றி, வீண் பொழுது என்று அவன் தந்தையார் சொல்வதுபோல் கணிப்பொறியை மூடி வைத்துவிடுவதுதான் முறையா?" என்று கேட்கிறார்.

முதலில் வழியைச் சொல்வோம். முறையைப் பின்னர் பார்ப்போம்.

கணிப்பொறிக்கு எல்லாப் படமும் நீள்சதுரமே. அதில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களின் அளவு, 0 முதல் 255 வரை எண்களாகக் குறிக்கப்பட்டிருக்கும். விளக்கின் வெளியே உள்ள இடத்தை நாம் வெறுமை என்று கருதுகிறோம். ஆனால் கணிப்பொறி அதனை வெண்மை என்று எழுதி வைத்திருக்கிறது. வெள்ளைச் சதுரத்தின் பிறப்பு இவ்வாறுதான்.

இக்குறையை நீக்குவதற்கென்று ஏற்பட்டதே 'ஆல்பா' எனப்படும் நான்காவது எண். 1970-களின் பிற்பகுதியில், நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்னும் இருவர் இதனை வகுத்தனர். ஆல்பா 0 எனில் அப்புள்ளி கண்ணுக்குத் தெரியாது. 255 எனில் முழுமையாகத் தெரியும். 128 எனில், சுடரின் நிறத்தில் ஏறக்குறையப் பாதியும், பின்னாலுள்ள சுவரின் நிறத்தில் பாதியும் கலந்து தோன்றும். இவ்வாறு படத்தின்மேல் படத்தை வைக்கும் கணக்குகளைத் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகியோர் 1984-ல் ஒரு கட்டுரையாக ஒழுங்குபடுத்தி வெளியிட்டனர். இதற்கெல்லாம் முன்னோடி ஒன்று உண்டு. சித்திரப் படத் துறையில் ஏர்ல் ஹர்ட் என்பவர், உருவங்களைக் கண்ணாடி போன்ற செல்லுலாய்டுத் தாளில் வரைந்து பின்னணியின்மேல் வைக்கும் முறைக்கு 1914-லேயே காப்புரிமை கோரினார். அத்தாள் செய்த வேலையை இன்று ஓர் எண் செய்கிறது.

இனிச் செய்முறை. விலையின்றிக் கிடைக்கும் 'கிம்ப்' என்னும் வரைகலை நிரலே இதற்குப் போதும். புதிய படம் தொடங்கும்போதே, பின்னணி வெண்மையாக இல்லாமல் ஒளிபுகும் தன்மையுடன் இருக்குமாறு தேர்ந்துகொள்ள வேண்டும். அகலம் 16 புள்ளி, உயரம் 128 புள்ளி. இதனை 16-க்கு 16 அளவுள்ள எட்டுக் கட்டங்களாகக் கொள்க. ரயில் பெட்டிகள்போல் எட்டும் ஒரே அளவு. ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பவை. விளையாட்டுத் திரையில் ஒரு நேரத்தில் ஒரு கட்டமே தெரியும். அடுத்தடுத்த கட்டங்கள் விரைந்து மாறுவதால் சுடர் அசைவதாக நம் கண் கொள்ளும்.

எட்டுக் கட்டங்களிலும் விளக்கின் பாதமும் தண்டும் ஓர் இம்மியும் மாறலாகாது. ஆகவே ஒரு கட்டத்தை முழுமையாக வரைந்து, அதனை ஏழு முறை படியெடுத்த பின்னரே சுடரை மாற்றுதல் நன்று. முதற்கட்டத்தில் சுடர் நேராக நிற்கட்டும். இரண்டில் அதன் நுனி ஒரு புள்ளி இடப்புறம் சாயட்டும்; மூன்றில் அச்சாய்விலேயே சற்று உயரட்டும்; நான்கில் நிமிரட்டும்; ஐந்தில் குறுகட்டும்; ஆறிலும் ஏழிலும் வலப்புறம் சாயட்டும்; எட்டில் நிமிரத் தொடங்கட்டும். எட்டிலிருந்து ஒன்றுக்குச் செல்லும்போது குதிப்புத் தெரியாதிருந்தால் வேலை நன்றாயிற்று என்று பொருள். திரியை ஒட்டிய அடிப்பகுதி அசையாமல் நுனி மட்டும் அசைதல் வேண்டும். முழுச் சுடரும் நகர்ந்தால், விளக்கை விட்டு நெருப்பு பறப்பதுபோல் தோன்றும். சுடரின் நடுப்புள்ளிகளுக்கு ஆல்பா 255, ஓரத்துக்கு 160, அதனைச் சூழ்ந்த ஒளிக்கு 60 என வைத்துப் பார்க்கலாம்.

சேமிக்கும்போது பி.என்.ஜி. வடிவிலேயே சேமிக்க வேண்டும். ஜே.பி.ஜி. வடிவத்தில் ஆல்பாவுக்கு இடமில்லை. வெள்ளைச் சதுரம் மீண்டும் வந்து நிற்கும். ஜி.ஐ.எப். வடிவத்திலோ ஒரு புள்ளி தெரியும், அல்லது தெரியாது. பாதி தெரிதல் என்பது இல்லை. தாளில் வரைந்ததை நிழற்படம் எடுத்து வெட்டினால், ஓரத்துப் புள்ளிகளில் தாளின் வெண்மை கலந்து, மெல்லிய வெள்ளை விளிம்பு தெரியும். கிம்ப் நிரலில், குறிப்பிட்ட நிறத்தை ஆல்பாவாக மாற்றும் வசதி இதற்கு மருந்து.

விளையாட்டில் சேர்ப்பது எஞ்சிய வேலை. லுவாண்டி என்பது விலையின்றிக் கிடைப்பது. 2024 வரை மைன்டெஸ்ட் என்ற பெயரால் வழங்கியது. அதில், கட்டங்கள் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டவை என்பதையும், ஒரு கட்டத்தின் அகலம் 16, உயரம் 16 என்பதையும், ஒரு சுற்று முடிய ஆகும் நேரத்தையும் குறிப்பிட வேண்டும். ஒரு விநாடி என்றால் கட்டம் ஒன்றுக்கு எட்டில் ஒரு பங்கு விநாடி. ஆல்பாவைக் கையாளும் விதத்தையும் சொல்ல வேண்டும். 'வெட்டு' முறையில் மங்கல் ஒளி கிட்டாது. 'கலப்பு' முறையிலேயே கிட்டும். மைன்கிராப்ட் விளையாட்டிலும் கட்டங்களை இவ்வாறே அடுக்குவர். ஆயின் அங்கே நேரக் கணக்கு விநாடியின் இருபதில் ஒரு பங்கால் அளக்கப்படும்.

நிற்க. முறையைப் பற்றிய கேள்விக்கு வருவோம். பிறர் செய்த விளையாட்டில் பொழுது போக்குவது வேறு. அதனுள் தன் கைவேலையைக் கொண்டு சேர்ப்பது வேறு. இச்சிறுவன் பின்னமும் விகிதமும் அறிந்து, ஒரு சுடர் எவ்வாறு எரிகிறதென்று உற்றுப் பார்க்கிறான். இது வீண் பொழுதன்று. ஆயினும் தந்தையாரின் கவலை நியாயமற்றதும் அன்று. பள்ளிப் பாடம் முடிந்தபின், நாளொன்றுக்கு இவ்வளவு நேரம் என்று வரையறை செய்வது அவர் கடமை. கண்ணுக்கும் உறக்கத்துக்கும் அதுவே நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவ்வீட்டு விளக்கைச் சிறுவன் கண்டதில்லை. அதற்கு ஐந்து முகமா, ஒரு முகமா? உச்சியில் அன்னம் இருந்ததா? எந்த மாடத்தருகே நின்றது? இவற்றை எந்தக் கணிப்பொறியும் அவனுக்குச் சொல்லாது. பாட்டியார் சொல்வார், தந்தையார் சொல்வார். கேட்கப்படாமலே மறைந்துபோகும் செய்திகள் நம் வீடுகளில் ஏராளம். விற்ற வீடு திரும்பி வராதுதான். ஆயினும் அதனைப் பற்றிக் கேட்பதற்கு மகன் ஒருவன் தானாக முன்வந்திருக்கும்போது, கணிப்பொறியை மூடுவதைவிட, ஒரு மாலை அவன் அருகில் தந்தையார் அமர்வது சிறந்தது என்பது நம் கருத்து.

முடிவாக இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் படமெல்லாம் பொதுச் சொத்தன்று. வரைந்தவர் எந்த உரிமத்தின்கீழ் வழங்கியிருக்கிறார் என்று பார்த்து, அனுமதி இருந்தால் மட்டுமே எடுத்தாளுக. பெயர் குறிப்பிடச் சொல்லியிருந்தால் தவறாமல் குறிப்பிடுக. தவிர, ஒளிபுகும் பின்னணியைக் குறிக்கும் சாம்பல்-வெள்ளைக் கட்டங்களே சில படங்களில் படத்தோடு வரையப்பட்டிருக்கும், கண்டு ஏமாறற்க.

சில விளையாட்டுகளில் தமிழ் எழுதினால் 'கொ' போன்ற எழுத்துக்களின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. பெயர்ப் பலகையை இதே முறையில் படமாகச் செய்து அக்குறையைத் தவிர்ப்பது எவ்வாறு என்பதை அடுத்த இதழில் காண்போம்.